பெயர்ப் பட்டியலும் பொறியின் கட்டளையும்

மனிதர் கூடி வாழத் தொடங்கிய காலந்தொட்டுப் பட்டியலும் அவர்களோடு கூடவே இருந்து வருகின்றது. பள்ளிவாசலின் சந்தாப் பதிவு, பாடசாலையின் வரவு இடாப்பு, கிராம உத்தியோகத்தரின் கையிலுள்ள வாக்காளர் இடாப்பு, கமநல நிலையத்தின் உர மானியப் பதிவு என ஓர் ஊரின் வாழ்க்கை பட்டியல்களினாலேயே ஒழுங்கு பெறுகின்றது. இறக்காமம் பிரதேசத்தில், குளத்தையும் வயலையும் நம்பி வாழும் வரிப்பத்தான்சேனை போன்ற ஊர்களில் இவ்வுண்மையை எவரும் எடுத்துக்கூற வேண்டியதில்லை. பட்டியலில் பெயர் இல்லாதவன் வரிசையில் நின்றும் பயனில்லை என்பது அங்குள்ள முதியோர் அனைவரும் பட்டறிந்த செய்தியாகும்.

இத்தகைய ஊரிலிருந்து கலைப்பீடம் புகும் மாணவன் ஒருவன் கணினிக்குச் செய்நிரல் எழுதப் பழகும்போது, அவன் முன் வைக்கப்படும் தொடக்கப் பயிற்சிகளுள் ஒன்றும் பட்டியல் பற்றியதாகவே இருக்கின்றது. பயிற்சி எளியது. வெறுமையான பட்டியல் ஒன்று தரப்படும். கோப்பு ஒன்றிலே வரிக்கு ஒரு கட்டளையாகச் சில கட்டளைகள் எழுதப்பட்டிருக்கும். செய்நிரல் அக்கோப்பைத் திறந்து, வரிவரியாகப் படித்து, ஒவ்வொரு கட்டளையையும் பட்டியலின்மீது நிறைவேற்றல் வேண்டும். ‘சேர் 12’, ‘சேர் 7’, ‘செருகு 0 5’, ‘அடுக்கு’, ‘எடு’ என்பன அவ்வரிகள் எனக் கொள்வோம். முதலிரு வரிகளால் 12, 7 என்பன பட்டியலில் இடம்பெறும். பொறி இடங்களைச் சுழியத்திலிருந்து எண்ணுவதாகலின், மூன்றாம் வரி 5 என்பதை யாவற்றுக்கும் முன்னே வைக்கும். நான்காம் வரி அவற்றை 5, 7, 12 என ஒழுங்குபடுத்தும். ஐந்தாம் வரி இறுதியிலுள்ள 12 ஐ அகற்றிவிடும்.

இவ்வளவு எளிய பயிற்சியிலும் மாணவனைத் திகைக்க வைக்கும் இடங்கள் உள. கோப்பிலிருந்து வருவன யாவும் பொறிக்கு வெறும் எழுத்துக்களே. 12 என்பதை எண்ணாக மாற்றுமாறு தனியே பணிக்காதவிடத்து, அது ஒன்று, இரண்டு என்னும் இரு குறிகளின் சேர்க்கையாகவே நின்றுவிடும். அந்நிலையில் அடுக்குமாறு கட்டளையிட்டால் 12, 5, 7 என்றே விடை வரும். அகராதியிற் போல முதற்குறியை நோக்கி ஒன்று ஐந்துக்கு முந்தியது எனப் பொறி தீர்மானிக்கின்றது. வரியின் இறுதியிலே கண்ணுக்குத் தெரியாத வரிமுறிவுக் குறி ஒன்றும் ஒட்டியிருக்கும். அதனை நீக்காவிடின் ‘அடுக்கு’ என்னும் கட்டளையும் பொறிக்கு அந்நியமாகிவிடும்.

ஒரு கண்டத்து வயல்களுக்கு முறைவைத்து நீர் பாய்ச்சும் வட்டைவிதானைக்கும் ஓர் ஒழுங்கு உண்டு. ஆயின், வரம்பு உடைந்திருப்பதைக் கண்டால் அவர் முறையை நிறுத்துவார். பயிர் வாடியிருப்பதைக் கண்டால் முறையைச் சற்று மாற்றுவார். பொறிக்கு அத்தகைய பார்வை இல்லை. எழுதியதை மாத்திரமே அது செய்யும், எண்ணியதைச் செய்யாது.

கட்டளைகளை வெளியே எழுதிவைத்துப் பொறியைக் கொண்டு படிப்பிக்கும் முறை கணினிக்கு முற்பட்டது. மருதமுனைக் கைத்தறியின் ஒலி கேட்டு வளர்ந்தோர்க்கு இதன் வரலாறு நெருக்கமானதாகத் தோன்றும். பிரான்சிய நாட்டு ஜக்கார் 1804 ஆம் ஆண்டளவில் அமைத்த தறியிலே, துளையிட்ட அட்டைகள் கோவையாகச் செலுத்தப்பட்டன. எந்தப் பாவு நூல் உயர வேண்டும் என்பதை அட்டையின் துளைகளே தீர்மானித்தன. அட்டைக் கோவையை மாற்றினால் அதே தறி வேறு சித்திரத்தை நெய்தது. அதற்கும் ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னர், பக்தாத் நகரில் வாழ்ந்த அல் குவாரிஸ்மி கணக்கை ஒழுங்கான படிமுறைகளால் தீர்க்கும் வழியை எழுதிவைத்தார். படிமுறையைக் குறிக்கும் ‘அல்கோரிதம்’ என்னும் சொல் அவர் பெயரின் திரிபேயாகும்.

எண்களைக் கொண்ட பட்டியலை விடுத்து, மாணவன் தன் ஊர்ப் பெயர்களை அப்பட்டியலில் இடும்போதே பயிற்சி உண்மையான சோதனையாகின்றது. ஒரே பெயருடையோர் பலர் வாழும் ஊர்கள் இவை. பட்டியலில் இரண்டு இஸ்மாயில்கள் இருப்பின், ‘நீக்கு இஸ்மாயில்’ என்னும் கட்டளைக்குப் பைதன் மொழி முதலில் எதிர்ப்படுபவரையே நீக்கும். காலமானவர் இரண்டாமவர் என்பதைப் பொறி அறியாது. பிழைச்செய்தியும் வராது. பெயர் இழந்தவர் உதவி பெறச் சென்று திரும்பும்போதுதான் தவறு வெளிப்படும். பெயரே இல்லாத ஒருவரை நீக்குமாறு பணித்தாலோ, அவ்விடத்திலேயே செய்நிரல் நின்றுபோகும். அதற்குப் பின்னுள்ள கட்டளைகள் அனைத்தும் நிறைவேறாது கிடக்கும். 2023 இல் அஸ்வெசும நலன்புரித் திட்டத்தின் பெயர்ப்பட்டியல்கள் வெளிவந்தபோது இலட்சக்கணக்கில் மேன்முறையீடுகள் குவிந்தமையை நினைவுகூர்வோர், ஒரு பட்டியலில் ஒரு வரியின் பெறுமதி யாதென்பதை உணர்வர்.

அகரவரிசையிலும் இடர் உண்டு. கிழக்கிலங்கை முஸ்லிம்களிடையே றஹீம், றிஸ்வான் என றகரத்தை முதலாகக் கொண்டு பெயரெழுதும் வழக்கம் பரவலானது. தமிழ் நெடுங்கணக்கின்படி றகரம் வகரத்துக்குப் பிந்தியது. எனவே லத்தீப், வஹாப், றஹீம் என்பதே முறையான வரிசை. பொறியோ றஹீம், லத்தீப், வஹாப் என அடுக்கும். தொல்காப்பியர் முப்பது எழுத்துக்களின் ஈற்றில் நிறுத்திய னகரம், பொறியின் வரிசையில் நகரத்தை அடுத்து நிற்கின்றது. பொறி எழுத்துக்களை அவற்றின் குறியெண்களைக் கொண்டே ஒப்பிடுகின்றது. 1991 இல் வெளியான யுனிக்கோட்டின் தமிழ்ப் பகுதி, இந்தியாவில் 1988 இல் வகுக்கப்பட்ட இஸ்கி முறையைத் தழுவியது. தேவநாகரியின் ஒழுங்குக்கு இணையாகத் தமிழ் எழுத்துக்கள் அதில் அமர்த்தப்பட்டமையே இதற்குக் காரணம்.

ஊரின் பெயரையே எடுத்துக்கொள்வோம். வரிப்பத்தான்சேனை என்பது தமிழ் கற்ற சிறுவனுக்கு ஒன்பது எழுத்து. பொறிக்கோ பதினாறு குறி. கோப்பிலே சேமிக்கும்போது நாற்பத்தெட்டு பைட். ரகர மெய்யோடு கலந்த இகரத்தையும், பகரத்தின் மேலுள்ள புள்ளியையும் அது தனித்தனியே எண்ணுகின்றது. அப்பெயரைக் குறிகளின் பட்டியலாக்கி ‘எடு’ எனப் பணித்தால், இறுதி எழுத்தாகிய ‘னை’ முழுமையாக நீங்காது. ஐகாரக் குறி மட்டும் நீங்கி ‘வரிப்பத்தான்சேன’ என ஊர்ப்பெயர் குறைப்பட்டு நிற்கும். ‘திருப்பு’ எனப் பணித்தால், சார்ந்து நிற்க மெய்யில்லாத ஐகாரக் குறியொன்று முன்னே வந்து நிற்கும். தமிழ் எழுத்தின் இயல்பை அறிந்த ஒருவர் இடையிலே வேறு விதி எழுதினாலன்றி இக்குறை தீராது.

அவ்விதியை எழுதுவது யார் என்பதே கேள்வி. க.பொ.த. உயர்தரத் தகவல் தொடர்பாடல் தொழினுட்பப் பாடத்தில் பைதன் தமிழ் மூலமும் கற்பிக்கப்படுகின்றது. எனினும், செய்நிரல் விஞ்ஞான மாணவர்க்கே உரியது, கலைப்பீடத்தார்க்கு அதனால் ஆவதொன்றில்லை என்னும் எண்ணம் இன்னும் அகன்றபாடில்லை. நெடுங்கணக்கின் ஒழுங்கையும், உயிர்மெய்யின் இயல்பையும், ஊர்ப்பெயர் வழக்கையும் கற்றவர்கள் கலைப்பீடத்திலேயே உள்ளனர். மேலும், கோப்பில் எழுதும் கட்டளை ஆங்கிலச் சொல்லாக இருத்தல் வேண்டும் என்னும் நியதியும் இல்லை. செய்நிரல் படிக்கும் வரி வெறும் எழுத்துத் தொடராதலின், ‘சேர்’ என்பதும் ‘நீக்கு’ என்பதும் முற்றிலும் செல்லுபடியாகும். அச்சொல்லுக்கு எச்செயல் உரியது என ஒருமுறை வகுத்துவிட்டாற் போதுமானது.

பட்டியல்கள் இனிக் கைகளால் எழுதப்படப் போவதில்லை. அவற்றில் எவர் பெயர் எவ்விடத்தில் நிற்கும், எப்பெயர் நீங்கும் என்பதைக் கோப்பிலுள்ள கட்டளைகளே தீர்மானிக்கப் போகின்றன. ஆதலால், ஐந்து வரிக் கட்டளைக் கோப்பை ஒழுங்காகப் படிப்பிக்கப் பழகும் மாணவன் தன் ஊராரின் பெயர்களைக் காக்கவும் பழகுகின்றான் எனலாம். இரண்டு இஸ்மாயில்களையும் வேறுபிரித்தறியும் செய்நிரலை, அவ்விருவரையும் அறிந்த ஊரிலிருந்து வந்தவனே எழுதத் தொடங்குவது பொருத்தமானதாகும்.