தொண்ணூறு கிராம் தண்ணி

கம்பஸ் லீவுக்கு மாம்புரிக்கு வந்தா, பின்னேரங்களில ஓ.எல். பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுப்போம். கலைப்பீடக்காரர் நாங்கதான் விஞ்ஞானத்துக்கும்! 10% உப்புக் கரைசல் எப்படிச் செய்வது என்று கேட்டார்கள். 100 கிராம் தண்ணியில 10 கிராம் உப்பு என்று தைரியமாகப் பலகையில எழுதினோம். ஒரு தங்கச்சி அதையே தவணைச் சோதனையிலும் எழுதி, மார்க்கை விட்டுட்டு வந்தா. உப்பும் சேர்ந்தால் கரைசலின் திணிவு 110 கிராம், செறிவு 9.1% தான். தண்ணி 90 கிராம் எடுத்திருக்க வேணும்.

அடுத்த நாள் எல்லாருக்கும் முன்னால பிழையை ஒத்துக்கொண்டோம். பிறகு கடலையே கணக்காகப் போட்டோம். ஒரு கிலோ கடல்தண்ணியில உப்பு ஏறத்தாழ 35 கிராம், அதாவது 3.5%. புத்தளத்து உப்பளப் பாத்தியில கறியுப்பு படியத் தொடங்குவது கிட்டத்தட்ட 26% இல். அந்த நேரம் வரைக்கும் உப்பு பெரிசாகக் குறையாது, தண்ணிதான் போகும். 35ஐ 26ஆல் வகுத்து நூறால் பெருக்கினா, மிஞ்சும் கரைசல் 135 கிராம். மற்ற 865 கிராம் தண்ணியையும் வெயிலும் காத்தும் கொண்டுபோகுது. நம்ம ஊர்க் காத்துக்குக் காற்றாலை சுத்துறது மட்டும் வேலையில்லை.

"இந்த முறை சரிதானே?" என்று தங்கச்சி கேட்டா.

கல்குலேட்டரை அவட கையிலயே குடுத்தோம்.