3 மணிக் கட்டம்

அந்த சார்ட்டில் விடியற்காலை 3 மணிக் கட்டத்தில் இருப்பது என் கையெழுத்துதான். பல்ஸ் 100, சர்க்கரை 265, நினைவு நிலைக்கான ஜி.சி.எஸ் 15. மூன்றையும் மேசையில் உட்கார்ந்தபடியே எழுதினேன். குழந்தையைத் தொடவில்லை.

தென்மாவட்டத்தில் ஓர் அரசு மருத்துவமனை, குழந்தைகள் வார்டு. 9 வயதுப் பெண், 21 கிலோ. பத்து நாளாகச் செம்பு செம்பாகத் தண்ணீர் குடித்திருக்கிறாள், உடம்பு வற்றியிருக்கிறது. மூச்சு வாங்குவதைப் பார்த்து ஊரில் யாரோ வீசிங் என்று நெபுலைசர் வைத்து அனுப்பியிருந்தார்கள். இழுப்புள்ள பிள்ளையின் மூச்சு வேறு. இவளுடையது இரைச்சலே இல்லாமல், ஆழமாக, ஓடி வந்து நின்றவள் மூச்சு மாதிரி இருந்தது. குனிந்தால் அழுகிய பழ வாடை. குளுக்கோமீட்டரில் எண் வரவில்லை, ‘ஹை’ என்று காட்டியது. ரத்தத்தின் பி.எச் 7.08. கீட்டோ அசிடோசிஸ்.

முதலில் சலைன், ஒரு மணி நேரம் கழித்து இன்சுலின். எங்களுக்கு வரும் குப்பியில் மில்லிக்கு 40 யூனிட். 50 யூனிட்டுக்கு 1.25 மில்லி எடுத்து, 50 மில்லி சலைனில் கலந்தேன். மணிக்கு 2.1 மில்லி. இன்சுலின் பிளாஸ்டிக்கில் ஒட்டிக்கொள்ளும் என்பதால் முதல் 20 மில்லியைக் குழாய் வழியாக ஓடவிட்டுக் கொட்டினேன். இதைச் செய்யாமல் பம்பைப் போடுகிற சிஸ்டர்களை நான் திட்டுவேன். கைவேலையில் எனக்கு அவ்வளவு கர்வம்.

2 மணி வரை ஒழுங்காகத்தான் போனது. மணிக்கொரு தடவை விரலில் குத்திப் பார்த்தேன்: 470, 410, 350, 290. பல்ஸ் 138-இலிருந்து 104-க்கு வந்திருந்தது. 300-க்குக் கீழே இறங்கியதும் டெக்ஸ்ட்ரோஸ் சேர்த்தாயிற்று. இனி கவலையில்லை என்று நினைத்தேன்.

மூன்றுக்குக் கொஞ்சம் முன்னால் அம்மாக்காரி வந்தாள். தீப்பெட்டி ஆபீஸில் குச்சி அடுக்குகிறவள்.

“சிஸ்டர், புள்ள படுக்கையிலேயே போயிருச்சு. தலை வலிக்குதுன்னு வேற சொல்லுச்சு.”

“சுகர் புள்ளைங்க அப்படித்தாம்மா போகும். தூங்கட்டும் விடு.”

கட்டிலின் கால்மாட்டு வரை போய், பம்பில் பச்சை விளக்கு எரிகிறதா என்று பார்த்துவிட்டுத் திரும்பினேன். வார்டில் கூட்டம், ஒரே சிஸ்டர், நாற்பது கட்டில் என்றெல்லாம் சொன்னால் நம்புவீர்கள். எத்தனையோ இரவுகளில் அது உண்மையும்கூட. அன்று அந்த நேரத்தில் வார்டு அமைதியாக இருந்தது. எனக்குக் கால் கடுத்தது, அவ்வளவுதான். அதுவரை சர்க்கரை மணிக்கு 60 இறங்கியிருந்தது, டெக்ஸ்ட்ரோஸ் ஓடுகிறது, இனி கொஞ்சம் மெதுவாகத்தான் இறங்கும் என்று கணக்குப் போட்டு 265 எழுதினேன். கண்ணை மூடினேன்.

கீட்டோ அசிடோசிஸோடு வரும் குழந்தைகளின் உயிரை எடுப்பது பெரும்பாலும் மூளை வீக்கம். நூறு பேரில் ஒருவருக்கும் குறைவாகத்தான் வரும். வந்தால் பெரும்பாலும் சிகிச்சை தொடங்கிய முதல் 12 மணி நேரத்துக்குள். அதன் அறிகுறிகள் ஏமாற்றும்: பல்ஸ் குறைந்தால் நீர்ச்சத்து ஏறிவிட்டது என்று தோன்றும், படுக்கை நனைந்தால் சர்க்கரையால் என்று தோன்றும், அசந்து கிடந்தால் களைப்பு என்று தோன்றும். அதனால்தான் தூங்கினாலும் மணிக்கொரு தடவை எழுப்பிப் பேர் கேட்கச் சொல்கிறார்கள். இது எனக்குத் தெரியாதது இல்லை. பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியிருக்கிறேன்.

4 மணிக்குப் போய்க் கூப்பிட்டேன். கண் திறக்கவில்லை. நெஞ்செலும்பில் விரல் முட்டியை வைத்துத் தேய்த்தேன், முனகினாள். பல்ஸ் 76. பிரஷர் ஏறியிருந்தது. சர்க்கரை 241. என் பொய் எண் 290-க்கும் 241-க்கும் நடுவில் துளி உறுத்தலில்லாமல் உட்கார்ந்திருந்தது.

டியூட்டி டாக்டர் ஓடி வந்தார். தலைமாட்டை உயர்த்தி, சலைன் வேகத்தைக் குறைத்தோம். மூளை வீக்கத்தைக் குறைக்கும் மானிட்டால் பாட்டிலில் உப்புப் பூத்திருக்கிறதா என்று டியூப்லைட்டுக்கு நேரே பிடித்துப் பார்த்தேன், கை நடுங்கியது. 100 மில்லியும் 15 நிமிடத்தில் ஏறியது. அப்போதுதான் அவர் கேட்டார்:

“3 மணிக்கு எப்படி இருந்தா சிஸ்டர்?”

“நல்லா பேசினா சார்.”

அம்மாக்காரி கட்டிலுக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தாள். இரவு முழுக்கத் தூங்காதவள். என்னைப் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. சொன்னால் அடுத்த ஊசியை நான்தானே போட வேண்டும்.

ஆறரை மணிக்குக் குழந்தை கண் திறந்து தண்ணீர் கேட்டாள். காலை ரவுண்ட்ஸில் பெரிய டாக்டர், “நைட் சிஸ்டர் நல்லா வாட்ச் பண்ணியிருக்காங்க” என்றார். தலையைக் குனிந்துகொண்டேன். அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

3 மணிக்கு அவள் எப்படி இருந்தாள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஒரு மணி நேரம் முன்னதாக மானிட்டால் போயிருக்குமா, போயிருக்காதா, அதுவும் தெரியாது. புதிதாக வரும் பெண்களுக்கு இந்தக் கேஸைச் சொல்லித்தான் பாடம் எடுக்கிறேன். “ஒரு சிஸ்டர் இப்படிப் பண்ணிட்டாங்க” என்றுதான் சொல்வேன்.

வீட்டுக்கு அனுப்புகிற அன்று அம்மாக்காரிக்கு ஊசி போடக் கற்றுக்கொடுத்தவளும் நானே. சிவப்பு மூடி சிரிஞ்ச்தான் 40-க்கு உள்ளது, ஆரஞ்சு மூடி கொடுத்தால் வாங்காதே என்றேன். பிரிட்ஜ் இல்லையென்றால் மண்பானையில் தண்ணீர் ஊற்றி, அதற்குள் இன்னொரு சட்டியில் குப்பியை வைக்கச் சொன்னேன். எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். கடைசியாக, ராத்திரியில் சர்க்கரை ரொம்ப இறங்கிவிடலாம், ஆரம்பத்தில் கொஞ்ச நாள் 3 மணிக்கு எழுந்து ஒரு தடவை குத்திப் பார்க்க வேண்டும் என்றேன்.

மடியிலிருந்த நோட்டில் எழுதிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள்.

“3 மணிக்கா சிஸ்டர்?”

“ஆமா.”

“எழுப்பித்தான பாக்கணும்?”

“ஆமாம்மா. எழுப்பி.”

எழுதிக்கொண்டாள்.