பத்மினியா, ஆல்டோவா?

கும்பகோணத்து நண்பர் தன் பிரீமியர் பத்மினியை எடுத்துக்கொண்டு எங்கள் ஆல்டோவைக் கொடு என்கிறார். மேலே பணம் எதுவும் வேண்டாமாம். ஒரு வாரமாக இதே யோசனைதான்.

நம் வயதுக்காரர்களுக்குப் பத்மினியைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. 1089 சிசி இன்ஜின், ஸ்டீயரிங் பக்கத்திலேயே கியர். காலையில் சோக்கை இழுத்துக் கிளப்ப வேண்டும். கார்புரேட்டரில் தூசு அடைத்தால் ஜெட்டைக் கழற்றி ஊதிப் போட்டு ஓட்டிவிடலாம். ஆல்டோ மக்கர் செய்தால் மெக்கானிக் கம்ப்யூட்டரை மாட்டித்தான் பார்ப்பார்.

ஆனால் இப்போது பங்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் ஈரத்தை இழுக்கும். பழைய ரப்பர் குழாய், பம்பின் டயாஃப்ரம் எல்லாவற்றையும் கெடுக்கும். நம் கடல்காற்றில் கதவுக்குக் கீழே தகடு சீக்கிரம் துருப்பிடிக்கும். தமிழ்நாட்டுப் பதிவை பிஒய் 02-க்கு மாற்றத் தடையின்மைச் சான்று வேண்டும். பிறகு 5 வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும்.

இதையெல்லாம்கூடச் சமாளித்துவிடலாம். வீட்டுக்காரம்மாவை மாதம் ஒருமுறை புதுச்சேரி ஜிப்மருக்கு அழைத்துப் போக வேண்டும். அவள் கேட்டது ஒன்றுதான்: “சிதம்பரம் தாண்டி நின்னுட்டா, இந்த முட்டியை வச்சிக்கிட்டு நான் வெயில்ல எங்க உட்கார்றது?”

ஊதிச் சரிசெய்ய அரைமணி ஆகும். எனக்கு அது விளையாட்டு. அவளுக்கு அப்படியில்லை.

நண்பரிடம் சொல்லிவிட்டேன்: “ஆல்டோ இங்கேயே இருக்கட்டும். நீங்க பத்மினியிலேயே திருநள்ளாறு வாங்க. சனிக்கிழமை கூட்டம், வேற நாள் வாங்க. திரும்பறப்ப சோக்கை நான் இழுக்கிறேன்.”