பகலில் கொடுத்து இரவில் வாங்கும் விமான நிலையம்

கொச்சியை நெருங்கி விமானம் தாழத் தொடங்கியதும் ஜன்னலோரத்தில் இருப்பவர்களுக்கு முதலில் தென்படுவது தென்னந்தோப்புகள். பிறகு ஓட்டு வீடுகள், பெரியாற்றின் ஒரு வளைவு. ஓடுதளத்தை நெருங்கும்போது கருநீல நிறத்தில் ஏதோ ஒன்று வரிசை வரிசையாக விரிந்து மறையும். ‘ஏரியா அது?’ என்று அம்மாவைக் கேட்கும் குழந்தைகள் உண்டு.

ஏரி அல்ல. நெடும்பாசேரி விமான நிலையத்தின் சரக்கு முனையத்துக்கு அருகே, 45 ஏக்கரில் 46,000-க்கும் மேற்பட்ட சோலார் பலகைகள். கோவை, பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து பாலக்காடு வழியாக வந்து வளைகுடாவுக்கு விமானம் ஏறுகிறவர்கள் பலருக்கும் இந்த நிலையம் பழக்கமானதுதான். ஆனால் தலைக்கு மேலே எரியும் விளக்கின் கதை எத்தனை பேருக்குத் தெரியும்?

1999-ல் திறந்த நிலையம் இது. வெளிநாடுவாழ் மலையாளிகள் உட்பட ஆயிரக்கணக்கானோர் பங்குப் பணம் போட்டுக் கட்டியது. விமான நிலையம் என்றால் ஏசி ஓய்வதில்லை, விளக்கு அணைவதில்லை. மின்கட்டணம் மாதாமாதம் மிரட்டும். 2013 மார்ச்சில் வருகை முனையத்தின் கூரையில் 100 கிலோவாட் அளவுக்குப் பலகைகளை வைத்துப் பார்த்தார்கள். கணக்கு சரியாக வந்தது. அதே ஆண்டில் விமானப் பராமரிப்புக் கொட்டகையின் கூரையிலும் அதைச் சுற்றியும் ஒரு மெகாவாட். பிறகு துணிந்து, சுமார் 62 கோடி ரூபாயில் 12 மெகாவாட். 2015 ஆகஸ்ட் 18 அன்று அன்றைய முதல்வர் உம்மன் சாண்டி அதைத் தொடங்கி வைத்தார். முழுவதும் சூரிய மின்சாரத்தில் இயங்கும் உலகின் முதல் விமான நிலையம் என்ற பெயர் அன்று முதல் ஒட்டிக்கொண்டது.

இதைக் கேட்டதும் யாருக்கும் ஒரு சந்தேகம் வரும். வளைகுடா விமானங்களில் பல வந்துபோவது நள்ளிரவிலும் விடிகாலையிலும். அந்த நேரத்தில் சூரியனுக்கு எங்கே போவது?

பெரிய பேட்டரி எதையும் நம்பி இது நடக்கவில்லை. நம் ஊர்ப் பெண்களுக்கு நன்றாகத் தெரிந்த கைமாற்றுதான். பகலில் தன் தேவைக்குப் போக மிஞ்சும் மின்சாரத்தை நிலையம் கேரள மின்வாரியத்தின் கம்பியில் அனுப்பிவிடுகிறது. இரவில் அதே கம்பியிலிருந்து எடுத்துக்கொள்கிறது. கொடுத்ததும் வாங்கியதும் மீட்டரில் ஏறும். தொடங்கிய காலத்தில் நாளொன்றுக்குத் தேவையும் உற்பத்தியும் சுமார் 50,000 யூனிட்டை ஒட்டியே இருந்தன.

ஆக, இரவு இரண்டு மணிக்கு லக்கேஜ் பெல்ட்டைச் சுற்றவைப்பது நேற்றைய வெயில் அல்ல. இடுக்கி அணைத் தண்ணீராக இருக்கலாம், வெளிமாநில அனல்மின் நிலையத்தின் கரியாகவும் இருக்கலாம். ஆண்டுக் கணக்கில் சரிக்குச் சரி என்பதுதான் அந்தப் பெயருக்கு அடிப்படை. இது ஏமாற்று வேலை என்று சொல்ல முடியாது. பகலில் இங்கிருந்து மின்சாரம் கிடைத்தால் அந்த அளவுக்கு அணையில் தண்ணீரை மிச்சம் பிடித்து, மாலையில் ஊரெல்லாம் விளக்குப் போடும் நேரத்துக்கு வைத்துக்கொள்ளலாம். மேலே பறக்கும் விமானம் குடிக்கும் எரிபொருள் மட்டும் இந்தக் கணக்கில் கிடையாது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

பலகைகள் நிற்கும் தரைக்கு ஒரு தனிக் கதை. கேரள மழைக்குக் களை சும்மா இருக்குமா? பலகைக்கு மேலே தலைநீட்டி நிழல் போட்டால் மின்சாரம் குறையும். வெட்ட வெட்ட வளர்ந்ததால், களை வளரும் இடத்தில் காய் வளர்த்தால் என்ன என்று யோசித்தார்கள். பயறு, பூசணி, முருங்கை, சேனைக்கிழங்கு, மஞ்சள் என்று பயிர் ஏறியது. பலகையின் தூசியைக் கழுவும் தண்ணீரே பாசனம். விளைச்சல் ஊழியர்களுக்கும் வெளியாருக்கும் விற்பனைக்குப் போனது. வயலும் தோப்புமாக இருந்த மண் விமான நிலையமாகி, அதில் ஒரு மூலையில் மறுபடி காய்கறி!

வெயிலை நம்பிய இடத்தைத் தண்ணீர் சோதித்தது 2018-ல். ஆகஸ்ட் பெருவெள்ளத்தில் பெரியாறு கரை மீறி வந்தது. 15-ம் தேதி மூடப்பட்ட நிலையம் 29-ம் தேதிதான் திறந்தது. சுமார் இரண்டரை கிலோமீட்டர் நீளத்துக்குச் சுற்றுச்சுவர் விழுந்தது. சோலார் வயலிலும் தண்ணீர் புகுந்து ஒரு பகுதியைக் கெடுத்தது. அந்த நாட்களில் சிறிய விமானங்கள் மட்டும் கொச்சிக் கடற்படைத் தளத்தில் இறங்கின. ஒரே மாதம் கழித்து, செப்டம்பரில், ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பின் ‘பூமியின் சாம்பியன்’ விருதை நியூயார்க்கில் வாங்கியதும் இதே நிலையம்தான்.

இன்னொரு சோதனை சத்தமில்லாமல் வந்தது. 2017-ல் புதிய சர்வதேச முனையம் திறந்ததும் மின்தேவை கிடுகிடுவென ஏறியது. பழைய 45 ஏக்கர் போதவில்லை. கார் நிறுத்துமிடத்துக்கு மேலே பலகைகளைக் கூரையாகப் போட்டார்கள். மின்சாரத்துக்கு மின்சாரம், வண்டிக்கு நிழல். நிலையத்துக்குள் இடம் தேடி அலுத்து, வடக்கே கண்ணூர் மாவட்டத்துப் பையனூர் வரை போய், 2022 மார்ச்சில் அங்கே இன்னொரு 12 மெகாவாட்.

அதற்குச் சில மாதம் முன்பு, 2021 நவம்பரில், கோழிக்கோடு மாவட்டம் அரிப்பாறையில் 4.5 மெகாவாட் சிறு நீர்மின் நிலையத்தையும் தொடங்கினார்கள். இந்தக் கணக்கில் கெட்டிக்காரத்தனமான வேலை இதுதான். பெரிய அணை கட்டித் தேக்காமல், ஓடும் ஆற்று நீரில் இயங்குவது. மழை பெய்தால்தான் முழு வேகம். ஜூன், ஜூலையில் வானம் இருட்டிக்கொண்டு பலகைகள் சோர்ந்து கிடக்கும்போது அரிப்பாறை ஆறு நிரம்பி ஓடும். பங்குனி வெயிலில் ஆறு வற்றும்போது பலகைகள் சேர்த்துக் கொடுக்கும்.

நள்ளிரவில் வந்து இறங்குகிறவர்கள் இதில் எதையும் பார்ப்பதில்லை. பெட்டியை இழுத்துக்கொண்டு வெளியே வந்து, பெயர் எழுதிய அட்டையைத் தேடி, கார் நிறுத்துமிடத்துக்கு நடக்கிறார்கள். அங்கே பலகைக் கூரைக்கு அடியில் டிரைவர் இருக்கையைச் சாய்த்துத் தூங்கிக்கொண்டிருக்கிறார். மழை வந்தால் தட்டத் தட்டவென்று தலைக்கு மேலே சத்தம் கேட்கும்.