வாரும் பருவம்

போன மாசியில் வீட்டுக்குள் முடி பறக்கத் தொடங்கியது. முதல் நாள் திண்ணை மூலையில் ஒரு சின்னச் சுருள். மறுநாள் கோலமாவு டப்பாவின் மூடியில் நாலைந்து இழை. மூன்றாம் நாள் காலை காபியில் ஒன்று மிதந்தது. சுவரில் மாட்டியிருந்த சீப்பை எடுத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

முடி முயலுடையது. எங்கள் வீட்டில் இரண்டு பெட்டை முயல்கள் இருக்கின்றன. வெள்ளை முயலின் பெயர் உப்பு. பழுப்பு முயலின் பெயர் முந்திரி. குயிலாப்பாளையத்தில் வளரும் பிள்ளைக்கு இந்தப் பெயர்களுக்காக அதிகம் யோசிக்க வேண்டியதில்லை. ஊரைச் சுற்றிச் செம்மண்ணும் முந்திரித் தோப்பும். சரிவில் இறங்கிக் கிழக்குக் கடற்கரைச் சாலையைப் பிடித்து வடக்கே போனால் மரக்காணத்து உப்பளங்கள். என் மகள் இரண்டு குட்டிகளையும் ஒரே அட்டைப்பெட்டியில் கொண்டுவந்த அன்றே பெயரும் வந்துவிட்டது.

முயல் பார்க்க வரும் பிள்ளைகளும் அவர்களுடைய அம்மாக்களும் கேட்பது ஒரே கேள்விதான்: “எத்தனை நாளைக்கு ஒரு தடவை வாரணும்?” குட்டை முடி முயலுக்கு வாரம் ஒரு முறை போதும், முடி கொட்டும் காலத்தில் தினமும் வார வேண்டும் என்பது எல்லோரும் சொல்லும் பதில். சரியான பதிலும்கூட. ஆனால் அதன் இரண்டாவது பாதியை நான் புரிந்துகொள்ள இரண்டு வருடம் ஆயிற்று.

அதற்கு முன்னால் ஒரு பெரிய தவறு செய்தேன். குட்டிகளை விற்றவர், “மாசத்துக்கு ஒரு தடவை ஷாம்பு போட்டுக் குளிப்பாட்டுங்க, முடி கொட்டாது” என்று சொல்லியிருந்தார். நம்பினேன். வாளித் தண்ணீரில் இறக்கியதும் உப்பு ஒரு தடவை உதைத்தது, பிறகு அசையவில்லை. அமைதியாக இருக்கிறது என்று நினைத்தேன். அது அமைதி இல்லை, பயத்தில் உறைந்துபோனது. முயலின் மேல்முடிக்கு அடியில் பஞ்சுபோல் நெருங்கிய உள்முடி இருக்கிறது. அது தண்ணீரைக் குடித்துவிட்டால் காய மணிக்கணக்காகும். அதற்குள் உடல் குளிர்ந்துவிடும். துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு அன்று இரவு முழுக்க விழித்திருந்தேன். விடிந்த பிறகுதான் ஒரு புல்லைக் கடித்தது. முயலைக் குளிப்பாட்டக் கூடாது. அழுக்குப் பட்ட இடத்தை மட்டும் ஈரத்துணியால் துடைத்து, உடனே காயவைக்க வேண்டும். இதை யார் வீட்டில் முயல் இருந்தாலும் போய்ச் சொல்லிவிட்டு வருகிறேன்.

குளிப்பாட்டத் தேவையில்லை, ஏனென்றால் அது தன்னைத்தானே சுத்தம் செய்துகொள்கிறது. முன்னங்கால் இரண்டையும் நக்கி ஈரமாக்கி முகத்தைத் துடைக்கும்; காதைக் கீழே இழுத்து நீவும். இரண்டு முயல் இருந்தால் ஒன்றின் நெற்றியை இன்னொன்று நக்கிக்கொண்டே இருக்கும். பார்க்க அவ்வளவு அழகு. சிக்கலும் அங்கேதான். நக்கும்போதெல்லாம் முடி உள்ளே போகிறது. பூனை முடியை உருண்டையாகக் கக்கிவிடும். முயலால் வாந்தி எடுக்க முடியாது. விழுங்கியதெல்லாம் குடல் வழியாகவே வெளியே போயாக வேண்டும். குடல் ஓட்டமாக இருக்கும்வரை ஒன்றும் ஆகாது. நார் குறைந்தாலோ, தண்ணீர் குடிக்காவிட்டாலோ, பயந்தாலோ குடல் மந்தமாகும். அப்போது வயிற்றில் இருக்கும் முடி இறுகிக்கொள்ளும். அதனால்தான் சீப்பு பாதி வேலை, புல் பாதி வேலை என்கிறேன். எங்கள் வீட்டில் அறுகம்புல்தான் முக்கிய உணவு. நம் ஊர் விவசாயிகள் ஆட்டுக்கும் மாட்டுக்கும் விதைக்கும் ஒரு தீவனத்துக்கு முயல் மசால் என்றே பெயர். அதிலும் ஒரு கைப்பிடி போடுவேன்.

முடி அதிகம் உள்ளே போகிறதா என்பதைப் புழுக்கையே சொல்லிவிடும். உதிரி உதிரியாக விழ வேண்டிய புழுக்கை, நூலில் கோத்த மணிபோல முடியில் தொங்கினால் அன்றைக்கே சீப்பை எடுக்க வேண்டும். புழுக்கை சிறுத்து, குறைந்து, தீனியையும் முயல் தொடாமல் அரை நாள் போனால், விடியட்டும் என்று காத்திருக்காமல் மருத்துவரிடம் போக வேண்டும்.

இனி அந்த இரண்டாவது பாதி. முடி கொட்டும் காலம் எது? நான் படித்ததெல்லாம் வசந்தத்தில் ஒரு தடவை, இலையுதிர் காலத்தில் ஒரு தடவை என்று சொன்னது. வீட்டு முயல் எல்லாமே ஐரோப்பிய முயலின் வம்சம். அதன் பூர்வீகம் ஸ்பெயினும் போர்ச்சுகலும் இருக்கும் தீபகற்பம். நம் காட்டு முயல் வேறு இனம்; அதைப் பிடிப்பதும் வளர்ப்பதும் குற்றம். ஐரோப்பிய முயலின் தோல் பகல் வெளிச்சத்தின் நீளத்தைப் பார்த்து முடியை மாற்றுகிறது. லண்டனில் கோடையின் நீண்ட பகலுக்கும் குளிர்காலத்தின் குறுகிய பகலுக்கும் ஏறக்குறைய 9 மணி நேரம் வித்தியாசம். நம் கரையில் அந்த வித்தியாசம் ஒன்றரை மணி நேரம்கூட இல்லை. எந்தச் சேதியைக் கேட்டு எங்கள் முயல்கள் முடியை மாற்றும்? ஒரு பழைய நோட்டில் இரண்டு வருடம் குறித்துவைத்தேன். உப்பு ஒரு வருடம் மாசியில் கொட்டியது, அடுத்த வருடம் பங்குனிக் கடைசியில். முந்திரி ஆனியில் கொஞ்சம், ஐப்பசியில் நிறைய. ஒரே கூண்டு, ஒரே தீனி. ஒன்றின் நாள் மற்றதற்குப் பொருந்தவில்லை.

நோட்டைப் பார்த்து நான் குழம்பிக்கொண்டிருந்த ஒரு சாயங்காலம் எதிர்வீட்டு ஆயா வந்தார். மரக்காணம் பக்கம் பிறந்தவர். முப்பது வருடத்துக்கு மேல் உப்பளத்தில் வேலை செய்தவர். இப்போது மகள் வீட்டில் இருக்கிறார். சீப்போடு நான் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, “இன்னாம்மா, முயலுக்கு உப்பு வார்ற மாதிரி வார்ற?” என்றார்.

தலையும் வாருகிறோம், உப்பும் வாருகிறோம். இரண்டுக்கும் ஒரே சொல் என்பது அதுவரை எனக்குத் தோன்றவே இல்லை. எத்தனை நாளைக்கு ஒரு தடவை உப்பு வாருவீர்கள் என்று கேட்டேன். “நாள் கணக்கு மொதலாளிக்கு. நாங்க பாத்தியப் பாப்போம். அவசரப்பட்டு வாருனா சேறு கூட வரும். விட்டுட்டா கசக்கும்” என்றார்.

அவர் சொன்னதற்குள் முழு வேதியியலும் இருக்கிறது. உப்புநீர் வெயிலில் சுண்டி, அடர்த்தி 25 டிகிரியைத் தொடும்போதுதான் சாப்பாட்டு உப்பு படியத் தொடங்கும். 30 டிகிரியை நெருங்கினால் மெக்னீசிய உப்புகளும் கூடச் சேர்ந்து கசப்பு ஏறும். நடுவில் இருக்கும் அந்த இடைவெளிதான் வாரும் பருவம். அளக்கக் கருவி உண்டு. ஆயாவுக்கு அது தேவைப்பட்டதில்லை. பாத்தியின் மேல் பூக்கும் பூவைப் பார்ப்பாராம். ஒரு சிட்டிகை எடுத்து விரலில் நசுக்குவாராம்.

அன்றைக்கு அவர் செய்த இன்னொரு காரியம் எனக்கு மறக்காது. முந்திரியைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, முதுகைத் தடவவில்லை. பின்னங்காலைத் திருப்பி உள்ளங்காலைப் பார்த்தார். நான் ஒரு நாளும் பார்த்திராத இடம். குதிகால் பக்கம் முடி தேய்ந்து, இரண்டு ரூபாய்க் காசு அளவுக்குத் தோல் சிவந்திருந்தது. நாய்க்கும் பூனைக்கும் உள்ளங்காலில் மெத்தென்ற திண்டு இருக்கிறது. முயலுக்குக் கிடையாது, அங்கே அடர்ந்திருக்கும் முடிதான் அதன் செருப்பு. கம்பிவலைத் தரையும் வெறும் சிமெண்டும் அதைத் தின்றுவிடும், பிறகு புண், பிறகு சீழ். “கீழ சாக்கு போடும்மா. காலு போச்சுன்னா எல்லாம் போச்சு” என்றார். உப்புநீரில் நின்று நின்று வெடித்த பாதங்கள் அவருடையவை. உட்கார்ந்தபடி அவற்றைப் புடவைக்குள் இழுத்துக்கொண்டார். அன்றே கூண்டில் கோணிச்சாக்கு விரித்து அதன் மேல் வைக்கோல் பரப்பினேன். சிவப்பு மறைய ஒரு மாதம் ஆனது.

அதற்குப் பிறகு வாருவது எனக்கு முடி சம்பந்தப்பட்ட வேலையாக மட்டும் இல்லை. முயல் பிற விலங்குக்கு இரையாகும் பிராணி. நோயை மறைத்துக்கொள்வது அதன் பிறவிக் குணம். கத்தாது, முனகாது. கை போட்டுப் பார்த்தால்தான் தெரியும். வாரும் பத்து நிமிடமும் விரல்கள் தேடிக்கொண்டே இருக்க வேண்டும். காதுக்குள் பொறுக்கு இருக்கிறதா, மூக்கு நுனியிலும் நகக்கண்ணிலும் வெள்ளையாகத் தடிக்கிறதா என்று பார்ப்பேன். நம் ஊர் முயல்களுக்குச் சொறி எளிதில் வரும். போன வருடம் முந்திரியின் காதோரம் அரிசி அளவுக்கு ஒரு பொறுக்கு விரலில் தட்டுப்பட்டது. ஆரம்பத்திலேயே பார்த்ததால் ஊசியில் சரியாகிவிட்டது. ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும்: நாய்க்கு உண்ணிக்கு விடும் ஃபிப்ரோனில் மருந்தை முயலுக்கு விடவே கூடாது. அது முயலைக் கொன்றுவிடும்.

தாடை நனைந்திருந்தால் பல்லில் கோளாறு. முயலின் பல் வாழ்நாள் முழுக்க வளரும், புல்லை அரைத்து அரைத்துத்தான் தேயும். நகம் நாலு முதல் ஆறு வாரத்துக்கு ஒரு முறை வெட்ட வேண்டும். உப்புக்கு நகத்துக்குள் ரத்தக்குழாய் தெரியும். முந்திரிக்குக் கறுப்பு நகம், பின்னால் டார்ச் அடித்துப் பார்த்து வெட்டுவேன்.

மழைக்காலத்தில் பார்க்க வேண்டியது வால் பக்கம். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் எங்கள் கரையைக் கடந்தபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 48 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. கூண்டை நடுக்கூடத்துக்குக் கொண்டுவந்தோம். மின்சாரம் இல்லை, காய்ந்த புல் இல்லை. ஈரப்புல்லைத் தின்று இரண்டுக்கும் வயிறு இளகிப் பின்பக்கம் நனைந்தது. அந்த ஈரத்தில் ஈ முட்டையிட்டால் ஒரே நாளில் புழுவாகி உயிரோடு சதையைத் தின்னும். அந்த ஒரு வாரமும் மெழுகுவத்தி வெளிச்சத்தில் காலையும் மாலையும் வால் பக்கத்தைத் துடைத்து, காயவைத்து, வாரிக்கொண்டிருந்தேன். வாரம் ஒரு முறை என்ற கணக்கு அப்போது நினைவிலேயே இல்லை.

எப்படி வாருவது என்றும் சொல்லிவிடுகிறேன். காதைப் பிடித்து முயலைத் தூக்கக் கூடாது. சந்தையில் அப்படித்தான் தூக்குகிறார்கள், பார்க்கும்போதே எனக்குக் குலை நடுங்குகிறது. ஒரு கை மார்புக்கு அடியில், இன்னொரு கை பின்புறத்தைத் தாங்கியபடி. பின்காலை வேகமாக உதறினால் அதன் முதுகெலும்பே முறிந்துவிடும். மல்லாக்கப் போட்டால் அசையாமல் கிடக்கும், அதுவும் பயத்தால்தான். அதனால் தரையில் துண்டு விரித்து உட்கார்ந்து, அது தானாக வந்து தொடையில் சாயும்வரை காத்திருப்பேன். முதலில் வெறுங்கையை லேசாக ஈரமாக்கி, முடி படிந்திருக்கும் போக்கிலேயே நீவ வேண்டும்; பாதி முடி கையோடு வந்துவிடும். பிறகு ரப்பர் முள் வைத்த பிரஷ். கடைசியில் மட்டும் சீப்பு, அதையும் அழுத்தாமல். முயலின் தோல் வெற்றிலைபோல மெல்லியது, முரட்டுச் சீப்பில் கிழியும். சிக்கு இருந்தால் கத்தரிக்கோல் வைக்காமல் விரலால் பிரிப்பது நல்லது.

குட்டை முடி என்றாலும் எல்லாம் ஒன்றல்ல. 1919இல் பிரான்ஸில் ஒரு கிராமத்து முயல் ஈன்ற குட்டிகளிலிருந்து ரெக்ஸ் என்ற இனம் வந்தது. அதற்கு மேல்முடியும் உள்முடியும் ஒரே உயரம், வெல்வெட் துணி மாதிரி. அதைப் பிரஷ் போட்டுத் தேய்த்தால் முடி கெட்டுவிடும், ஈரக்கை போதும். உள்ளங்காலிலும் முடி குட்டை என்பதால் புண் சீக்கிரம் வரும். நீள முடி அங்கோரா வேறு உலகம்: இமாச்சலத்தின் கார்சாவில் கம்பளிக்காக வளர்த்து, இரண்டரை மூன்று மாதத்துக்கு ஒரு முறை கத்தரிக்கிறார்கள். நம் பக்கம் முயல் ஆராய்ச்சி நடப்பதும் கொடைக்கானல் மலை மேலே மன்னவனூரில். ஊட்டி பக்கம் சாண்டிநல்லாவில். குளிர்ந்த ஊர்ப் பிராணி இது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். முயலுக்கு வியர்க்காது, உடம்புச் சூட்டைக் காது வழியாகத்தான் இறக்குகிறது. 30 டிகிரி தாண்டினாலே தவிக்கும். எங்கள் சித்திரை வெயிலில் செத்த உள்முடியைச் சுமந்துகொண்டு இருப்பது, கம்பளி போர்த்தி உப்பளத்தில் நிற்பதற்குச் சமம். கோடைக்கு முன்னால் முடி கொட்டினால் ஒரு நாளும் தள்ளிப்போடாமல் நான் வாருவது அதற்காக.

முடி தலையிலிருந்து தொடங்கிக் கழுத்து, முதுகு, விலா என்று அலைபோல் பின்னால் போகும். கழுத்தில் புது முடி பளபளக்கும், இடுப்பில் பழையது குத்துக்குத்தாக நிற்கும். விரலால் லேசாக இழுத்துப் பார்ப்பேன். கொத்தாக வந்தால் நாளைக்கும் உண்டு. இந்த மாசியில் உப்புக்கு அந்த அலை வால் வரை போய்ச் சேர மூன்று வாரம் ஆனது. தினம் ஒரு பந்து முடி. ஆயா அதை எடுத்து ஒரு பழைய தலையணை உறையில் போட்டுக்கொண்டே இருந்தார், எதற்கென்று சொல்லவில்லை.

நேற்று சாயங்காலம் அவரே சீப்பை வாங்கி வாரினார். கழுத்திலிருந்து வால் வரை இரண்டு தடவை இழுத்தார். பல்லிடுக்கில் பத்துப் பன்னிரண்டு இழைதான். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, “ஆச்சு. இனிமே வெள்ளிக்கெழம வாரு” என்று சீப்பை ஆணியில் மாட்டினார். உப்பு எழுந்து உடம்பை ஒரு தடவை உதறிவிட்டு, முந்திரி பக்கத்தில் போய் அதன் நெற்றியை நக்கத் தொடங்கியது.