முழங்கால் நீரில் ஒரு பகல்

மீன்பிடித்தல் என்றால் நம்மவர் மனத்தில் முதலில் தோன்றுவது வள்ளமும் வலையும்தான். கீழக்கரைக் கடலோரத்தில் பிறந்து வளர்ந்த எங்களுக்கும் அப்படியே. ஆனால் வள்ளமுமின்றி வலையுமின்றிக் கடலுக்குள் காலால் நடந்து சென்று, இடுப்பளவு நீரில் நின்று, ஒற்றைத் தூண்டிலால் ஒரு மீனைப் பிடிப்பதையே பெருங்கலையாகப் போற்றுகின்ற கடற்கரை ஒன்றை 2024 மே மாதத்தில் காணும் வாய்ப்புக் கிட்டிற்று. எங்கள் மருமகன் ஒருவர் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் கார்ப்பஸ் கிறிஸ்டி நகரில் உத்தியோகம் பார்க்கிறார். அவர் வீட்டுக்கு மச்சானும் நாங்களுமாகச் சென்றிருந்தோம். ஒரு சனிக்கிழமை சுப்ஹு தொழுகையை முடித்த கையோடு எங்களையும் தம் பன்னிரண்டு வயது மகனையும் காரில் ஏற்றிக்கொண்டு புறப்பட்டுவிட்டார் மருமகன். முதல் நாளே எங்கள் இருவருக்கும் மீன்பிடி உரிமச் சீட்டு வாங்கி வைத்திருந்தார். விருந்தினராயினும் சீட்டு இல்லாமல் தூண்டிலைத் தொடுவதற்கில்லை.

நகரைக் கடந்து ஒரு பாலத்தில் ஏறி இறங்கினால் பாத்ரே தீவு. ஏறத்தாழ 180 கிலோமீட்டர் நீளத்துக்குக் கரையை ஒட்டி நாடாப்போல் கிடக்கும் மணல் தீவு அது. ஸ்பானியர் ஆட்சிக் காலத்தில் இதற்கு உடைமையாளராயிருந்த பாதிரியார் ஒருவரால் அப்பெயர் வந்ததாம். 'பாத்ரே' என்பதும் நாம் வழங்குகின்ற 'பாதிரி' என்பதும் ஒரே வேரிலிருந்து பிறந்தவை. அது போர்ச்சுகீசியர் வாய்வழியே நம்மிடம் வந்த சொல். தீவின் கிழக்கே மெக்சிகோ வளைகுடா அலையெறிந்து கொண்டிருக்கிறது. மேற்கே, தீவுக்கும் பெருநிலத்துக்கும் இடையில் அடங்கிக் கிடக்கிறது லகுனா மாத்ரே என்னும் நீண்ட உப்பங்கழி. மாத்ரே என்றால் தாய். தந்தைத் தீவின் பக்கத்தில் தாய்க் கழி! பெயரிட்டவர்கள் நினைத்துச் செய்தார்களோ, தற்செயலாய் அமைந்ததோ, கேட்பதற்கு இனிக்கிறது.

இக்கழியின் சிறப்பு அதன் ஆழத்தில் இல்லை, ஆழமின்மையில் இருக்கிறது. கப்பல் கால்வாயாக வெட்டிய பகுதியை நீக்கினால், சராசரி ஆழம் மூன்றடி அளவுதான். ஆறுகள் வந்து கலப்பது அரிது, மழையும் குறைவு. ஆதலால் வெயில் நீரைக் குடிக்கக் குடிக்க, எஞ்சிய நீர் கடலைக் காட்டிலும் உவர்த்துப் போகிறது. ஆனாலும் கதிரவன் ஒளி தடையின்றி அடிமணல் வரை இறங்குவதால், கடற்புல் பச்சைக் கம்பளமாய் மண்டிக் கிடக்கிறது. அப்புல்லில் இறால் வாழ்கிறது. இறாலைத் தேடி மீன் வருகிறது. மீனைத் தேடி மனிதன் காலால் நடக்கிறான்.

அங்கே அவர்கள் தேடுகின்ற மீனுக்குப் 'புள்ளி டிரவுட்' என்று பெயர். டிரவுட் என்றதும், ஆங்கிலேயர் நீலகிரியின் குளிர் ஓடைகளில் கொண்டுவந்து விட்ட மீன் வாசகர்களின் நினைவுக்கு வரலாம். அதற்கும் இதற்கும் யாதொரு உறவும் இல்லை. முதுகில் கரும்புள்ளிகளைக் கண்ட குடியேறிகள், தங்களுக்குத் தெரிந்த பெயரைச் சூட்டிவிட்டார்கள். உண்மையில் இது நமது கத்தாளைக்கும் பன்னாவுக்கும் பங்காளி. முதல் மீன் கைக்கு வந்தவுடனேயே மச்சான் அதன் வாயைப் பிளந்து பார்த்தார். மஞ்சள் பாய்ந்த உள்வாயும், மேல்தாடையில் நீண்டிருந்த கோரைப்பல்லும் கண்ணில் பட்டதும், “இது நம்ம பன்னாவாச்சே!” என்று கூவிவிட்டார். மீன்நூல் படித்தவர்கள் குடும்பம் பிரித்துச் சொன்னதை, ஒரு கடற்கரைக்காரர் பல்லைப் பார்த்துச் சொல்லிவிட்டார்.

பறவைத் தீவுத் துறை என்று பொருள்படும் ஓரிடத்தில் காரை நிறுத்தி நீரில் இறங்கினோம். இறங்குமுன் மருமகன் சொன்ன முதற்பாடம் தூண்டிலைப் பற்றியதன்று, நடையைப் பற்றியது. “மாமா, காலைத் தூக்கித் தூக்கி வைக்காதீங்க. மணலோடு தேய்த்துத் தேய்த்து நடங்க.” காரணம் திருக்கை. மே மாதத்து இளஞ்சூட்டு நீரில் அது மணலைப் போர்த்திக்கொண்டு படுத்திருக்கும். மேலே மிதித்தால் வாலிலுள்ள நச்சு முள்ளைச் செருகிவிடும். தேய்த்து நடந்தால், அதிர்வை உணர்ந்து தானே விலகிப் போய்விடும். குத்துப்பட்டவர் காலைப் பொறுக்கக்கூடிய வெந்நீரில் வைத்திருப்பது வலியைத் தணிக்கும் என்றார். நம் கரையிலும் திருக்கைக்கு அஞ்சாதவர் இல்லை. அஞ்சிய பிறகும் அதனிடம் இவ்வளவு மரியாதையாக வழிகேட்டு நடக்கின்ற பழக்கத்தை நாங்கள் கண்டது அங்கேதான்.

நூறு முழம் நடப்பதற்குக் கால்மணி நேரம் ஆயிற்று. வாட்டர்புரூப் காலணிக்குள்ளும் மணலின் இளக்கம் தெரிந்தது. புல் எங்கே அடர்ந்திருக்கிறது, எங்கே வெறுமணல் குழி இருக்கிறது என்பதைக் கண்ணுக்கு முன் கால் அறிந்துகொள்கிறது. கரும்பச்சைப் புல்வெளியின் நடுவே வெளிறித் தோன்றும் அம்மணல் குழிகளின் ஓரத்தில்தான் இம்மீன் ஒதுங்கி நின்று இரை பார்க்குமாம். மடவைக் கூட்டம் அச்சத்தோடு துள்ளினால் அடியில் இது வேட்டையாடுகிறது என்று கொள்ளலாம். இன்னோர் அடையாளத்தையும் மருமகன் சொன்னார். கூட்டமாக இரை தின்னும்போது நீரின்மேல் எண்ணெய்ப் படலம் போன்ற ஒன்று விரியும். அதில் தர்ப்பூசணிப் பழத்தின் வாடை வீசும் என்பது அவ்வூர்த் தூண்டிற்காரர்களின் கூற்று. நாங்கள் மூக்கை நீட்டிப் பார்த்தோம். எங்களுக்கு வந்ததென்னவோ உப்புக்காற்றுத்தான்!

ஈயத்தலை பொருத்திய ரப்பர் இரையை மருமகன் வீசினார். எங்களுக்கு உயிர் இறாலும் ஒரு தக்கையும் தந்தார். கோலை வெடுக்கென்று சுண்டினால் தக்கை நீரில் 'களக்' என்று ஒலிக்கும். அவ்வொலி இறாலின் துள்ளலைப் போலிருப்பதால் மீன் நாடி வரும். மீனின் வாய்ச் சதை மெல்லியது. ஆத்திரத்தோடு இழுத்தால் கிழிந்து முள் கழன்றுவிடும். ஆகவே மீன் இழுக்கும்போது விட்டுக்கொடுத்து, அது தளரும்போது சுற்றவேண்டும். பிடித்த மீனைக் கயிற்றில் கோத்து, இடுப்புக் கச்சையில் முடிந்து, பின்னால் நீரிலேயே மிதக்கவிட்டு நடக்கிறார்கள்.

ஒன்பது மணிக்குள் மருமகனின் கயிற்றில் மூன்று, மச்சானுக்கு ஒன்று, எங்களுக்கு ஒன்று என்று சேர்ந்துவிட்டன. சிறுவன் பிடித்த நான்கும் அளவிற் குறைந்தவை; நான்கையும் அவனே நீரில் விட்டுவிட்டான். மருமகன் தம் தூண்டிலைச் சுருட்டிக் கைகட்டி நின்றார். ஆளுக்கு மூன்று என்பதுதான் கணக்கு.

அந்த நேரத்தில்தான் மச்சானின் கோல் வில்லாய் வளைந்தது. பத்து நிமிடப் போராட்டத்துக்குப் பின் அருகில் வந்தது உண்மையிலேயே பெரிய மீன். சிறுவன் கையை நீரில் நனைத்துக்கொண்டு (உலர்ந்த கை பட்டால் மேனியின் வழுவழுப்புப் படலம் உரிந்து, மீன் நோயுறுமாம்) அளவுகோலில் வைத்துப் பார்த்தான். இருபத்து நான்கு அங்குலம். “விட்டுவிட வேண்டும்” என்றான்.

மச்சானின் முகம் மாறிற்று. அன்று பகலுக்கு வீட்டில் நான்கு குடும்பங்கள் விருந்துக்கு வருவதாக இருந்தது. ஊரிலிருந்து வந்தவர் கைப்படப் பிடித்த மீன் என்று பெருமையாக வைக்கலாம் என்பது அவர் எண்ணம். “கைக்கு வந்த ரிஜ்கைத் தண்ணீரில் விடுவாருண்டா? இங்கே யார் பார்க்கப் போகிறார்கள்?” என்றார். பார்ப்பதற்குக் கூழைக்கடாக்களைத் தவிர யாரும் இல்லை என்பதும் மெய்தான்.

மருமகன் வாதாடவில்லை. 2021 பிப்ரவரியில் தாம் கண்டதைச் சொன்னார். டெக்சாஸ் முழுவதையும் கடுங்குளிர் பிடித்து உலுக்கிய வாரம் அது. ஆழ்கடல் மெதுவாகக் குளிரும். மூன்றடி நீரோ ஓரிரு இரவில் விறைத்துவிடும். நீரின் வெப்பம் ஏறத்தாழ 7 டிகிரி செல்சியசுக்குக் கீழே போனால் இம்மீன் தாங்காது. ஆழமான கால்வாய்க்கு ஓடி ஒடுங்கியவை சில பிழைத்தன. வழி தெரியாதவை மடிந்தன. மாநில வனவிலங்குத் துறையின் மதிப்பீட்டின்படி, கரை நெடுகிலும் மாண்ட மீன்கள் 38 லட்சத்துக்குக் குறையாது. அவற்றுள் புள்ளி டிரவுட் மட்டும் ஒன்றரை லட்சத்துக்கு மேல். விறைத்து மிதந்த கடலாமைகளை மக்கள் ஆயிரக்கணக்கில் அள்ளிவந்து, தீவின் தெற்கு முனையிலுள்ள மாநாட்டு மண்டபத் தரையில் பரப்பிக் காப்பாற்றினார்கள். இதற்கு முன் 1983 டிசம்பரிலும் 1989இல் இரண்டு முறையும் இதனினும் பெரிய அழிவுகள் நேர்ந்திருக்கின்றன. எந்த ஆழமின்மை புல்லை வளர்த்து மீனுக்குத் தொட்டில் கட்டியதோ, அதுவே குளிர்காலத்தில் அதன் கழுத்தை நெரிக்கிறது.

அதன் பிறகு பிடி அளவை மேலும் சுருக்கினார்கள். ஒரு காலத்தில் ஆளொன்றுக்கு நாளொன்றுக்குப் பத்து, பின்னர் ஐந்து, 2024 மார்ச் முதல் மூன்று. அதுவும் 15 அங்குலத்துக்குக் குறையாமலும் 20க்கு மிகாமலும் இருக்கவேண்டும் என்பது அப்போதைய பொது விதி. ஆண் மீன் இருபது அங்குலத்தைத் தாண்டுவது அரிது. ஆகையால் பெரிய மீனெல்லாம் பெரும்பாலும் பெண் மீன். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை பலமுறை முட்டையிடுவது. மச்சான் கையிலிருந்தது மே மாதத்துப் பெண் மீன், வயிறும் புடைத்திருந்தது. “அது அந்தக் குளிரைப் பிழைத்த மீனாகவும் இருக்கலாம்” என்று சிறுவன் மெல்லச் சொன்னான். மச்சான் பேசாமல் குனிந்தார். வாலைப் பிடித்து, தலையை நீரோட்டத்துக்கு எதிரே நிறுத்தி, செவுள் சீராக அசையும் வரை தாங்கியிருந்தார். பிறகு கை தானே திறந்தது. வெகு நேரம் அவர் யாருடனும் பேசவில்லை.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் போக எங்களுக்கு மனமில்லை. இம்மீனை விற்பதை டெக்சாஸ் மாநிலம் 1981இல் சட்டமியற்றித் தடைசெய்தது. அதனால் மீன் பெருகியது என்கிறார்கள், நம்பக்கூடியதே. ஆனால் அது வலை இழுத்துப் பிழைத்தவனை வெளியே நிறுத்தி, பொழுதுபோக்குக்குத் தூண்டில் வீசுபவனை உள்ளே வைத்த சட்டமும் ஆகும். மீனவர் குடிசைகளுக்கு அருகில் வளர்ந்த எங்களுக்கு இது நெஞ்சில் முள்ளாய் உறுத்துகிறது. மீனைக் காக்க வேண்டியதுதான். காப்பதன் விலையை யார் தலையில் கட்டினார்கள் என்பதையும் கேட்கவேண்டும் அன்றோ? மருமகனிடம் கேட்டோம். “அந்தக் குடும்பங்களிலே சிலர் இப்போது தூண்டிற்காரர்களுக்குப் படகோட்டி வழிகாட்டுகிறார்கள் மாமா; மற்றவர்கள் என்ன ஆனார்கள் என்று யாரும் எழுதி வைத்ததாகத் தெரியவில்லை” என்றார்.

விருந்துக்கு ஐந்து மீன் போதவில்லை, கோழியும் வாங்கவேண்டியதாயிற்று. மூன்றைப் பொரித்து, இரண்டை ஆணமாக்கினார்கள். தேங்காய்ப்பாலும் புளியும் சேர்ந்தபின் அது பன்னாவா டிரவுட்டா என்று நாக்குக்குப் புலப்படவில்லை. உண்டு முடிந்ததும் மச்சான் சிறுவனை அருகில் அழைத்து, ஒரு மீன் தலையைப் பிட்டு, உள்ளேயிருந்து இரண்டு வெள்ளைக் கற்களை எடுத்துக் காட்டினார். கத்தாளை இனத்து மீன்களுக்குத் தலையில் கல் உண்டு. நம் ஊர்ப் பிள்ளைகள் விளையாட எடுத்துவைப்பார்கள். சிறுவனுக்கு அதன் மறுபக்கம் தெரிந்திருந்தது. அக்கல்லைக் குறுக்கே சீவி, உருப்பெருக்கியில் வளையங்களை எண்ணித்தான் ஆராய்ச்சியாளர்கள் மீனின் வயதைக் கணிக்கிறார்களாம். “அப்படியானால் இதற்கு எத்தனை வயது?” என்று மச்சான் கேட்டார். சீவிப் பார்க்காமல் சொல்ல முடியாது என்றான் அவன். அளவை வைத்துப் பார்த்தால் மூன்று இருக்கலாம் என்றும் சேர்த்தான். மச்சான் கற்களைக் கழுவித் துடைத்து, ஒரு காகிதத்தில் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.