பெயர் வாசிக்கப்படாத பிள்ளை



பேரப்பிள்ளை கண்டவள் உதைபந்தாட்டம் பற்றி எழுத வந்துவிட்டாளே என்று உங்களில் சிலர் சிரிக்கக்கூடும். சிரியுங்கள். அந்த விளையாட்டின் சட்டதிட்டங்கள் எனக்கு இன்றும் முழுதாகத் தெரியாது. 'ஓப்சைட்' என்றால் என்னவென்று என் மகன் தேநீர்க் கோப்பைகளை மேசையில் அடுக்கிவைத்துப் பல தடவை விளக்கியிருக்கிறான். விளங்கியதாகத் தலையாட்டியிருக்கிறேன், அவ்வளவுதான். ஆனால் மைதானத்திலிருந்து பெயர் வாசிக்கப்படாமல் திரும்பி வரும் ஒரு பிள்ளையின் முகம் எப்படியிருக்கும் என்பதை நான் அறிவேன்.

அது 2004 ஆம் ஆண்டு. பதின்மூன்று வயதுக்குட்பட்டோர் அணிக்குப் பிள்ளைகளைத் தெரிவு செய்கிறார்கள் என்று இரண்டு வாரமாக வீட்டில் ஒரே பேச்சு. அன்று அஸருக்குப் பிறகு வந்தவன் சோற்றுக் கோப்பையைத் தொடவில்லை. "உம்மா, என் பெயரை வாசிக்கல்ல. நான் சின்ன ஆளாம்" என்றான். சகோதரிகளே, உண்மையைச் சொல்கிறேன், எனக்கு உள்ளுக்குள் நிம்மதியாக இருந்தது. இனி டியூஷன் வகுப்புக்கு ஒழுங்காகப் போவான், வெயிலில் கறுக்கமாட்டான் என்று நினைத்தேன். "அவங்களுக்குத் தெரியாததா மகன்? தெரிஞ்சவங்க சொன்னாச் சரியாத்தான் இருக்கும்" என்று தலையைத் தடவினேன். அடுத்த கிழமை அவனுடைய விளையாட்டுச் சப்பாத்தைப் பத்திரிகைத் தாளில் சுற்றி, மா இடிக்க வந்த பெண்ணின் மகனுக்குக் கொடுத்தும்விட்டேன். அந்தச் சப்பாத்து எங்கே என்று அவன் ஒரு நாளும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இந்த உறுத்தல் எனக்கு இருந்திருக்காதோ என்னவோ.

பதினான்கு வருடங்களுக்குப் பிறகு, 2018 ஜூலையில், உலகக் கிண்ண இறுதிப் போட்டியன்று கத்தாரிலிருந்து அவன் தொலைபேசி எடுத்தான். "உம்மா, இன்டைக்கு டீவியைப் போடுங்க. பிரான்ஸ் அணியில 13 ஆம் இலக்கத்தைப் பாருங்க. என்னைவிடக் கட்டை. நம்ம ஆள்தான், முஸ்லிம்" என்றான். இஷாத் தொழுகையை முடித்துவிட்டு உட்கார்ந்து பார்த்தேன். உயர்ந்த மனிதர்களுக்கு நடுவே ஒரு சின்ன மனிதர். பெயர் என்கோலோ கான்டே. அன்று பிரான்ஸ் குரோஷியாவை 4–2 என்று வென்றது. கிண்ணத்தைக் கையில் வாங்கவே வெட்கப்பட்டு அவர் ஒதுங்கி நின்றாராம். கூட விளையாடியவர்கள்தான் அவர் கையில் அதைக் கொடுக்க வைத்தார்களாம். அதைக் கேட்ட பிறகு அவருடைய கதையைத் தேடத் தொடங்கினேன்.

கான்டே 1991 இல் பாரிஸில் பிறந்தவர். என் மகனும் அதே ஆண்டுதான். பெற்றோர் மேற்கு ஆபிரிக்காவின் மாலி நாட்டிலிருந்து குடியேறியவர்கள். சிறு வயதிலேயே வாப்பாவை இழந்தார். சுரேன் என்ற ஊரின் சின்னக் கழகமொன்றில் விளையாடிக்கொண்டிருந்தார். பெரிய கழகங்களின் ஆட்கள் வந்து பார்க்காமல் இல்லை. பார்த்துவிட்டு, உடம்பு போதாது என்று போய்விட்டார்கள். பத்தொன்பது வயது வரையும் அதே சின்னக் கழகத்தில்தான் இருந்தார். 2010 இல் பூலோன் என்ற துறைமுக நகரத்துக் கழகம் அவரை எடுத்தது, அதுவும் இரண்டாம் அணிக்கு. அங்கே பயிற்சிக்குச் சிறுவர்கள் காலால் தள்ளி ஓட்டும் ஸ்கூட்டரில் போவார் என்று எழுதியிருக்கிறார்கள். கணக்கியல் படிப்பையும் கைவிடவில்லை. (இந்த இடத்தில் என்னைப்போன்ற உம்மாமார்களுக்குச் சற்று ஆறுதல்.) 2013 இல் கான் கழகம், 2015 இல் இங்கிலாந்தின் லெஸ்டர் சிட்டி. அடுத்த ஆண்டே, யாரும் ஒரு பொருட்டாக எண்ணாத அந்த லெஸ்டர் பிரீமியர் லீக் சம்பியனானது. அந்த ஆண்டிலேயே செல்சி கழகத்துக்குப் போனார், அடுத்த வருடம் அதுவும் சம்பியன். 2021 இல் ஐரோப்பிய சம்பியன்ஸ் லீக் கிண்ணமும் வந்தது.

லெஸ்டர் அவரை எடுத்த விதம்தான் எனக்குப் பெரிய பாடம். பயிற்றுவிப்பாளர் ரணியேரிக்கும் முதலில் அதே சந்தேகம்தானாம்: ஆள் சின்னவர், இங்கிலாந்தின் முரட்டு ஆட்டத்துக்குத் தாங்குவாரா? ஆனால் வீரர்களைத் தேடிப் பிடிக்கும் பொறுப்பிலிருந்த ஸ்டீவ் வோல்ஷ் என்பவர் விடவில்லை. திரும்பத் திரும்பக் கான்டேயின் பெயரையே சொல்லிக்கொண்டிருந்தாராம். எதிரணியிடமிருந்து பந்தை எத்தனை தடவை மீட்டெடுக்கிறார் என்ற எண்ணிக்கை அவர் கையில் இருந்தது. உயரத்தைப் பார்த்தவர்களுக்குக் குறை தெரிந்தது, வேலையைப் பார்த்தவருக்கு ஆள் தெரிந்தது.

இன்னொன்றையும் அறிந்துகொண்டேன், அதைப் படித்த அன்று இரவு எனக்கு நித்திரை வரவில்லை. வயதுப் பிரிவுகளைச் சர்வதேச உதைபந்தாட்டத்தில் ஜனவரி 1 ஆம் திகதியை வைத்துப் பிரிக்கிறார்கள். ஆகவே ஜனவரியில் பிறந்த பிள்ளையும் டிசம்பரில் பிறந்த பிள்ளையும் ஒரே பிரிவு. பன்னிரண்டு வயதில் பதினொரு மாத வித்தியாசம் என்பது சின்ன விடயமா? உயரம், ஓட்டம், மூச்சு எல்லாமே மாறும். ஐரோப்பாவின் இளையோர் அணிகளை எண்ணிப் பார்த்தவர்கள், ஆண்டின் முதல் மாதங்களில் பிறந்தவர்களே அங்கு நிறைந்திருப்பதைக் கண்டார்கள். செப்டெம்பரில் கணக்குத் தொடங்கும் இங்கிலாந்தில், அந்த மாதத்தை ஒட்டிப் பிறந்தவர்கள். பெரிய பிள்ளையைக் கெட்டிக்காரன் என்று எடுக்கிறோம். எடுத்த பிள்ளைக்கே நல்ல பயிற்சியும் கிடைக்கிறது. அதனால் அவன் மெய்யாகவே கெட்டிக்காரனாகிவிடுகிறான். பிறகு, "பார்த்தீர்களா, நாங்கள் சொன்னது சரி" என்கிறோம்.

என் மகன் பிறந்தது டிசம்பரில்.

அவன் ஒரு கான்டே ஆகியிருப்பான் என்று சொல்லவில்லை. இடது காலால் பந்தைத் தொடவே மாட்டான், அது எனக்கே தெரியும். ஆனால் அன்று அளக்கப்பட்டது அவனுடைய திறமையா, பிறந்த மாதமா என்று கேட்க எனக்குத் தோன்றவில்லையே.

அப்படியானால் எதைத்தான் பார்க்க வேண்டும்? ஒல்லாந்தின் அஜக்ஸ் கழகம் பிள்ளைகளைத் தெரிவு செய்வதில் பேர்போனது. அவர்கள் நான்கு விடயங்களைப் பார்ப்பார்களாம்: பந்தைக் கையாளும் நுட்பம், ஆட்டத்தை வாசிக்கும் அறிவு, குணம், வேகம். உயரமும் எடையும் அந்த நான்கில் இல்லை. அறிவு என்பதை எப்படிக் காண்பது? பந்து தன்னிடம் வருவதற்கு முன்பே பிள்ளை தோளுக்கு மேலால் திரும்பிப் பார்க்கிறானா என்று கவனிப்பார்களாம். பார்த்தவனுக்குப் பந்து வந்ததும் என்ன செய்வதென்று தெரியும். தாளிதம் கருகுமுன்பே வெங்காயத்தை வெட்டிவைப்பவளுக்கும் அல்லாதவளுக்கும் உள்ள வித்தியாசம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. கானாவில் பிறந்து அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்த ஃபிரெடி அடு என்ற பிள்ளையைப் பதினான்கு வயதில் தொழில்முறை வீரனாக்கினார்கள். அடுத்த பெலே என்றார்கள்; பெலேயோடு விளம்பரத்திலும் நிறுத்தினார்கள். பிறகு நாடு நாடாக, கழகம் கழகமாக அலைந்ததுதான் மிச்சம். பார்சிலோனாவின் போயான் பதினேழு வயதில் பெரிய அணிக்கு வந்தார், இன்னொரு மெஸ்ஸி என்று பெயரும் வைத்தார்கள். அந்த நாட்களில் பதற்ற நோயால் எவ்வளவு துன்பப்பட்டார் என்பதை 2018 இல்தான் அவர் வெளியே சொன்னார். சின்னவன் என்று தள்ளுவதும் பெரியவன் என்று தூக்குவதும் பிள்ளையின் தலையில்தான் விழுகிறது.

ஆனாலும் சரியாகக் கணித்ததும் நடந்திருக்கிறது. அதே பார்சிலோனாவின் லமீன் யமால், மொரோக்கோ நாட்டு வாப்பாவின் பிள்ளை, ஏழு வயதில் அங்கே சேர்ந்தார், பதினைந்து வயதில் முதல் அணியில் ஆடினார். 2024 இல் ஐரோப்பியக் கிண்ணப் போட்டிக்குப் போகும்போது பாடசாலை வீட்டுப்பாடங்களையும் கொண்டுபோனார். பதினேழு வயது நிறைந்த மறுநாள் ஸ்பெயினோடு கிண்ணத்தை வென்றார். 2025 றமழானில் தேசிய அணியோடு இருந்தபோதும் நோன்பை விடவில்லை என்று வாசித்தபோது கண் கலங்கியது.

சென்ற மாதம் மகள் தொலைபேசி எடுத்தாள். அவளுடைய மகனின் பாடசாலையில் தெரிவு நடக்கப்போகிறதாம். அவன் நவம்பர் பிள்ளை, வகுப்பிலேயே முன்வரிசையில் நிற்பவன். "உம்மா, அனுப்பவா? எடுக்காட்டி மனசு உடைஞ்சிடுவானே" என்றாள்.

"அனுப்பு மகள்" என்றேன். "எடுக்காட்டி அழட்டும். ஆனா, தெரிஞ்சவங்க சொன்னாச் சரிதான்னு மட்டும் சொல்லிடாதே. சப்பாத்து நான் வாங்கித் தாறேன், கால் அளவை ஒரு கடதாசியில வரைஞ்சு அனுப்பு."

நேற்றுக் கடிதம் வந்தது. கொப்பித் தாளில் பென்சிலால் வரைந்த ஒரு பாதம். விரல்களை விரித்து அளந்து பார்த்தேன், ஒரு சாணுக்கு மேல் இரண்டு விரற்கடைதான். கோட்டுக்குள்ளே, தன் கையாலேயே, பெரிய எழுத்தில் பெயரை எழுதியிருந்தான்.